அவரைக்கு ஜாமீன்

எங்கள் அம்மா ஓர் அவரைக்கொடியின் மேல் பந்தயம் கட்டியபோது எனக்கு எட்டு வயது. யாரோடு கட்டினாள் என்று கேட்டால் இன்றும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. சொன்னது மாமாவிடம். ஆனால் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் அப்பா.

விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. மழை தொடர்ந்து பொய்த்ததில் அப்பா அதைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, தெரிந்தவர் ஒருவர் கேரளத்துப் பாறசாலையில் நடத்திய காய்கறி மொத்தக்கடைக்கு வேலைக்குப் போனார். ஆரம்பத்தில் தனியாகப் போய்க் கடையிலேயே படுத்துக்கொண்டார். பிறகு, பள்ளிக்கூடம் அடைத்த கோடையில், எங்களைக் கூட்டிப்போக வந்தார். அங்கே குளத்தூருக்குப் போகும் வழியில் ஓட்டுவீடு ஒன்றை வாடகைக்குப் பார்த்திருந்தார். அம்மாவின் அண்ணனுக்கு, அதாவது என் மாமாவுக்கு, இந்த ஏற்பாடு துளியும் பிடிக்கவில்லை. பாஷை தெரியாத ஊரில் தங்கச்சியைக் கொண்டுபோய் வைப்பதாவது என்று அப்பாவோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டார். பேசாமலே வந்து சாமான்களை லாரியில் ஏற்ற உதவினார். அப்போதுதான் அம்மா சொன்னாள்.

"அண்ணே, தைக்குள்ள என் அவரை அங்க காய்ச்சா நான் இருந்துக்கிடுதேன். காய்க்கலைன்னா, பொங்கப்படி கொண்டு வாரப்ப என்னையும் பிள்ளையையும் கூட்டிட்டு வந்துரு."

பொங்கல்படி என்பது தை பிறக்கும்போது கூடப்பிறந்தவளுக்கு அண்ணன் கொண்டுவரும் சீர். எங்கள் பக்கத்தில் எது தவறினாலும் அது தவறாது. அம்மா சொன்னதைக் கேட்டு லாரிக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரித்தாரா என்று நினைவில்லை. ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்த கயிற்றை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார், அது நினைவிருக்கிறது.

சாம்பலில் புரட்டிய அவரை விதைகள் பவுடர் டப்பா ஒன்றில் அம்மாவின் மடியிலேயே வந்தன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்பா வேலை பார்த்த கடைக்கு அவரைக்காய் மூட்டை மூட்டையாக எங்கள் சீமையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. மிஞ்சியதை அவர் பையில் போட்டுக் கொண்டுவருவார். அம்மா அதை வாங்கி மறுநாளே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள். கடைக்காய் கணக்கில் சேராது என்பாள்.

புது ஊரில் அம்மாவுக்கு முதலில் ஒத்துக்கொள்ளாமல் போனது பாஷை என்று மாமா நினைத்திருப்பார். உண்மையில் அது பச்சை. எங்கள் ஊரில் வாசலில் நின்றால் சாலையில் வரும் பஸ் ஒரு பருப்பளவு தெரியும்போதே கண்டுகொள்ளலாம். அது வந்து நிற்பதற்குள் தலைசீவிப் புறப்பட்டுவிடலாம். இங்கே தென்னையும் வாழையும் மரச்சீனி என்று அவர்கள் சொல்லும் மரவள்ளியும் பலாவும் வீட்டை நெருக்கிக்கொண்டு நின்றன. பக்கத்து வீட்டைக்கூடக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணை ஓட்ட இடமில்லை, மூச்சு முட்டுகிறது என்று அம்மா சொல்வாள். சாயங்காலமானால் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு சாலை வளைவுவரை நடப்பாள். அங்கே மரங்களுக்கு நடுவில் கிழக்கே கொஞ்சம் வானம் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த வானத்துக்கு அடியில் எங்கள் ஊர் இல்லை என்று இப்போது வரைபடத்தைப் பார்த்தால் தெரிகிறது. எங்கள் ஊர் வடகிழக்கில், வெகு தொலைவில் இருந்தது.

ஆனி பிறப்பதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. முதல் நாள் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டியபோது அம்மா வீட்டிலிருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோய் வைத்தாள். குடம், அண்டா, குத்துச்சட்டி, கடைசியில் குழம்புச்சட்டியும் போயிற்று. சமைக்கப் பாத்திரமில்லை. பக்கத்து வீட்டுச் சேச்சி குடைபிடித்து வந்து பார்த்துவிட்டு, வெகுநேரம் சிரித்தாள். கொஞ்சநாள் பொறுத்தால் வீட்டுக் கிணறே நிறைந்து வழியும், கையாலேயே தண்ணீர் கோரலாம் என்றாள். அம்மாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. ஆனாலும் நிறைந்த பாத்திரத்தைக் கவிழ்க்க அவளுக்கு மனம் வரவில்லை. மழையிலேயே அவை இரண்டு நாள் நிரம்பிக்கொண்டிருந்தன.

சேச்சி எங்கள் அம்மாவைவிடச் சில வயது மூத்தவள். அவள் கணவர் அம்பூரியில் ரப்பர் வெட்டும் வேலையில் இருந்தார், சனிக்கிழமைதான் வருவார். மற்ற நாட்களில் வீட்டையும் மரச்சீனித் தோட்டத்தையும் சேச்சி தனியாகப் பார்த்துக்கொண்டாள். எங்களோடு தமிழில் பேசுவாள். கோழியை விரட்டுவதும் கடவுளைக் கூப்பிடுவதும் மலையாளத்தில்.

ஆடி பிறந்ததும் அம்மா மண்வெட்டியை எடுத்தாள். ஆடிப்பட்டம் தேடி விதை என்பதில் எங்கள் ஊரில் யாருக்கும் இரண்டாவது கருத்து கிடையாது. சேச்சி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்: "கர்க்கடகமாக்கும் மக்கா இது. கர்க்கடகத்தில ஆராவது நல்ல காரியம் தொடங்குவினுமா?"

அம்மாவுக்கு ஆடி. சேச்சிக்குக் கர்க்கடகம். இரண்டும் ஒரே மாதம், ஒரே முப்பது சொச்சம் நாட்கள். எங்களுக்கு அது விதைப்பெட்டியைத் திறக்கும் மாதம். அவர்களுக்கு வேலை முடங்கி, கதவைச் சாத்தி, மருந்துக்கஞ்சி குடித்து உடம்பைத் தேற்றிக்கொள்ளும் மாதம். பேர்தான் வேறு என்று அம்மா நினைத்தாள். சேச்சி சொன்னதை ஒதுக்கிவிட்டுத் தன் போக்கில் குழி வெட்டினாள். எங்கள் ஊரில் வெட்டுவதுபோல ஆழமாக, சுற்றிலும் கரை கட்டி, விழுகிற தண்ணீர் ஒரு சொட்டும் வெளியே போய்விடாதபடி. சிவந்த மண் அவள் காலில் ஒட்டிக்கொண்டது. நல்ல குழி அது. எங்கள் ஊரில் அப்படி ஒரு குழியைப் பார்த்தவர்கள் நின்று பாராட்டிவிட்டுத்தான் போவார்கள்.

அன்று மாலையே மழை. மறுநாளும் மழை. கரை நன்றாகக் கட்டியிருந்ததால் ஒரு சொட்டும் வெளியே போகவில்லை. குழிக்குள் தவளை வந்து குடியேறியது. மழை விட்டபிறகு அம்மா மண்ணைக் கிளறிப் பார்த்தபோது விதைகள் வெளுத்து, ஊதி, விரலால் தொட்டாலே கரைந்தன.

"நீ அவரைக்கு வீடு கெட்டினியா, குளம் வெட்டினியா?" என்றாள் சேச்சி.

அம்மா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதன்பின் பல நாள் சேச்சியிடம் பேசவும் இல்லை. அப்பா கொண்டுவந்த காய்களை வேலி வழியாக நீட்டும் வேலை எனக்கு வந்தது. ஆனால் ஓணம் கழிந்து சேச்சி தோட்டத்தில் இறங்கியபோது, அம்மா சமையலறை ஜன்னலைவிட்டு நகரவில்லை. சேச்சி மண்ணைக் குவித்துக் குவித்து, ஆளுயரத்துக்குப் பாதி என்று சொல்லத்தக்க கூனைகளாக்கி, அதன் உச்சியில் மரச்சீனிக் கம்பை ஊன்றிக்கொண்டு போனாள். மழை பெய்தால் நீர் நாலு பக்கமும் இறங்கி ஓடியது. எங்கள் ஊரில் தண்ணீர் வராதா என்று பள்ளம் தோண்டிக் காத்திருப்போம். இங்கே வந்த தண்ணீரை எப்படி அனுப்புவது என்று மேடு கட்டினார்கள். அம்மா இதை ஒரு காலைப்பொழுது முழுவதும் பார்த்தாள். மத்தியானம், சேச்சி குளிக்கப் போன நேரம் பார்த்து, தானும் ஒரு கூனை கூட்டினாள். டப்பாவில் மிச்சமிருந்த விதைகளை அதன் தலையில் ஊன்றினாள்.

அவை முளைத்தன. முளைத்ததோடு நிற்கவில்லை. பாக்குமரச் சட்டங்களை வைத்து அப்பா போட்ட பந்தலை ஐப்பசிக்குள் மூடிவிட்டு, ஓட்டின்மேல் ஏறி, அங்கிருந்து தாவி சேச்சியின் பலாக்கிளையையும் பிடித்துக்கொண்டன. இலை ஒவ்வொன்றும் என் உள்ளங்கையைவிடப் பெரிது. அப்படி ஓர் அவரையை அம்மாவும் பார்த்ததில்லை. ஊரில் எங்கள் அவரை மெலிந்து, புழுதி படிந்து நிற்கும். கார்த்திகையிலேயே கொத்துக்கொத்தாக ஊதாப்பூ வைத்துவிடும். இது இலையாகவே வளர்ந்துகொண்டிருந்தது. கார்த்திகை போயிற்று. மார்கழி வந்தது. பூவின் அடையாளமே இல்லை.

தின்று கொழுத்துவிட்டது என்றாள் அம்மா.

அப்பா விடியுமுன் கடைக்குப் புறப்படுவார். எழுந்ததும் பல்பொடியைக் கையில் கொட்டிக்கொண்டு நேராகப் பந்தலுக்குத்தான் போவார். இலைகளை விலக்கிப் பார்த்துவிட்டுத் திரும்புவார். பள்ளிக்கூடத்தில் நான் எப்படி இருக்கிறேன் என்று அந்த வருடம் அவர் கேட்டதாக நினைவில்லை. பூ வைத்திருக்கிறதா என்று மட்டும் சாயங்காலங்களில் கேட்பார், நானும் இல்லை என்பேன். எனக்கு எது வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன். மலையாள எழுத்து வளைந்துகொண்டு கையில் அடங்காத நாட்களில் நான் மாமாவின் பஸ் பக்கம். சேச்சி மரச்சீனி வேகவைத்து மீன்குழம்பு ஊற்றிக் கொடுத்த நாட்களில் கொடியின் பக்கம்.

அம்மா எந்தப் பக்கம் என்பது தெளிவாக இருந்தது. அவள்தான் பந்தயம் கட்டியவள், சாலை வளைவுக்கு இன்னமும் போகிறவள். இடையில் சேச்சியோடு மறுபடி பேசத் தொடங்கியிருந்தாள். மீன்காரியிடம் எத்தர என்று கேட்கவும், அவள் சொன்ன விலைக்கு முகத்தைச் சுளிக்கவும் கற்றிருந்தாள். ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துவிட்டு, மழைத்தண்ணீர் வடியாத வேலி ஓரத்தைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டு மண்வெட்டியோடு போனாள். இவையெல்லாம் எனக்குத் தனித்தனிச் செய்திகளாகவே இருந்தன.

மார்கழி பாதி ஆனபோது சேச்சிக்கும் கவலை வந்துவிட்டது. அவளுக்குப் பந்தயம் தெரியும், நான்தான் சொல்லியிருந்தேன். கடையிலிருந்து நாலு காயைக் கொண்டுவந்து நூலில் கட்டித் தொங்கவிட்டால் உங்கள் அண்ணனுக்கு என்ன தெரியப்போகிறது என்று முதலில் யோசனை சொன்னாள். அம்மா முறைத்தாள். பிறகு சேச்சி வேறொன்று சொன்னாள். அவள் வீட்டுப் பலா முன்பு ஒரு தடவை காய்க்காமல் நின்றதாம். வெட்டுக்கத்தியைக் காட்டி ஒன்று பேடிப்பித்தார்களாம். மறுவருடம் அடியிலிருந்து நுனிவரை சக்கையாம், அதாவது பலாக்காய்.

"எங்க ஊர்லயும் உண்டு," என்றாள் அம்மா. "முருங்கைக்குச் செய்வோம்."

இந்த ஊருக்கு வந்தபிறகு இரண்டு பேரும் ஒரே மாதிரிச் செய்கிற ஒரு காரியம் இருப்பது அன்றுதான் தெரிந்தது. காய்க்காத மரத்தை மிரட்டுவது. ஒருவர் வெட்டப்போவதாக நடிக்க வேண்டும். இன்னொருவர் குறுக்கே விழுந்து, வெட்டாதீர்கள், இது காய்க்கும், நான் ஜாமீன் என்று சொல்ல வேண்டும். வெட்ட வந்தவர் கத்தியின் மொண்ணைப் பக்கத்தால் மூன்று தட்டுத் தட்டிவிட்டு, சரி, உன் பேச்சை நம்பி விடுகிறேன் என்று போய்விட வேண்டும். மரம் பயந்து, அடுத்த பருவத்தில் காய்க்கும். துடைப்பமும் பிய்ந்த செருப்பும் கட்டவேண்டும் என்றாள் அம்மா. அதெல்லாம் வேண்டாம், கத்தி போதும் என்றாள் சேச்சி. கொஞ்சநேரம் வாதாடி, கத்தியோடு நிறுத்திக்கொள்வது என்று முடிவாயிற்று. வெட்ட வருவது வீட்டு ஆண்பிள்ளையாக இருக்கவேண்டும், ஜாமீன் நிற்பது நட்டவளாக இருக்கவேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. சேச்சி சர்ச்சிலிருந்து வந்த சேலையை மாற்றாமலே, ஒரு கையில் பைபிளும் மறுகையில் வெட்டுக்கத்தியுமாக வந்தாள். அப்பா லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு, யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்பதுபோல வேலிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தியை அவர் கையில் கொடுத்துவிட்டு, என்ன சொல்லவேண்டும் என்று சேச்சி இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தாள். நானும் மனப்பாடம் செய்துகொண்டேன்.

"மொகத்தில கொஞ்சம் தேஷ்யம் வேணும் அண்ணா," என்று தன் முகத்தைக் கோபமாக வைத்துக் காட்டினாள் சேச்சி. "இது அரி வாங்கப் போற மொகமாக்கும்."

அப்பா தொண்டையைச் செருமினார். காய்ப்பாயா மாட்டாயா, இல்லையென்றால் வெட்டிவிடுவேன் என்று கொடியைப் பார்த்துச் சொன்னார். கடையில் சில்லறை கேட்கும் குரல். சேச்சி தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா மறுபடி சொன்னார். இந்த முறை கத்தியை ஓங்கியும் விட்டார். அம்மா அவருக்கும் கொடிக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"வேண்டாம், வெட்டாதீங்க," என்றாள். இதுவரைக்கும் பாடம் சரி. பிறகு அவள் பாடத்தில் இல்லாததைச் சொல்லத் தொடங்கினாள். "அதுக்கு இந்த ஊரு புதுசு. இந்த மண்ணு புதுசு. இம்புட்டு மழையை அது பாத்ததே கிடையாது. எப்பப் பூக்கணும்ங்கிறதே அதுக்கு மறந்துபோச்சு. பட்டுப்போகலைல்ல? பச்சையாத்தான நிக்கி? இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கிடுங்க. நான் ஜாமீன்."

 அம்மாவின் கண்ணில் நீர் நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூட ஆண்டுவிழாவில்கூட யாரும் அப்படி நடித்து நான் பார்த்ததில்லை.

அடுத்தது அப்பாவின் முறை. மூன்று தட்டு, ஒரு வாக்கியம். அவ்வளவுதான். அவர் ஓங்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். "சொல்லும் அண்ணா," என்று சேச்சி எடுத்துக்கொடுத்தாள். அப்பா கத்தியை மெதுவாகத் தரையில் வைத்தார். அவர் பார்த்தது கொடியை அல்ல, அம்மாவை.

"பிடுங்கிட்டு வந்தவன் நான்தான. நான் எப்படி வெட்டுவேன்?"

"பிடுங்கிட்டு வரலையேப்பா," என்றேன் நான். "விதையாத்தான கொண்டு வந்தோம்."

 சேச்சி குனிந்து கத்தியை எடுத்துக்கொண்டு, அடுப்பில் அரி கிடக்கிறது என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனாள். சர்ச்சிலிருந்து இப்போதுதான் வந்தவள் அரிசி எப்போது போட்டாள் என்பது எனக்கு விளங்கவில்லை. அதைவிடப் பெரிய கவலை எனக்கு இருந்தது. தட்டு விழவில்லை. கடைசி வாக்கியமும் சொல்லப்படவில்லை. அப்பா மறந்துவிட்டார். முறையாக முடிக்காத மிரட்டலுக்குக் கொடி எப்படிப் பயப்படும்? திரும்பவும் முதலிலிருந்து செய்யலாம் என்று அன்று முழுவதும் அம்மாவை நச்சரித்தேன். போதும் என்று சொல்லிவிட்டாள்.

மார்கழி முடியும் தறுவாயில் ஓட்டின் மேல் ஒரு கொத்துப் பூ வந்தது. அரைகுறை மிரட்டலா, பனியா, எது காரணம் என்று நான் இன்றும் துணிந்து எழுதமாட்டேன். அன்று அப்பா பல்பொடியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றவர், கடைக்குத் தாமதமாகப் போனார்.

பொங்கலுக்கு முதல் நாள் மாமா வந்தார். பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் குலை, புதுப்பானை, தேங்காய் விளையும் ஊருக்கு ஒரு ஜோடித் தேங்காய் என்று பொங்கல்படியில் ஒரு குறையும் இல்லை. கூடவே, எங்கள் சாமான்களைக் கட்ட ஒரு சுருள் கயிறும் கொண்டுவந்திருந்தார். இரண்டுக்கும் தயாராகத்தான் வந்திருந்தார். நானும் என் துணிகளை மடித்துப் பள்ளிக்கூடப் பையில் வைத்திருந்தேன்.

மாமா பந்தலைச் சுற்றி வந்தார். பூக்கொத்துகள் இப்போது நாலைந்து இருந்தன. ஒன்றின் அடியில் நகக்கண் அளவில் பிஞ்சுகள். சமைத்தால் ஒரு கரண்டிக்கு வராது. "காய் எங்க தாயி?" என்றார் மாமா.

"இப்பத்தான பூத்திருக்கு அண்ணே," என்றாள் அம்மா. "இதை விட்டுட்டு எப்படி வர?"

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா பந்தல் காலில் இருந்த ஒரு முடிச்சைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மாமா சிரித்துவிட்டு, பசிக்கிறது என்றார். சேச்சி கொடுத்தனுப்பிய மரச்சீனியைத் தின்று பார்த்து, நம் ஊர்க் கிழங்குக்கு இது வருமா என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டார். மத்தியான பஸ்ஸுக்குப் புறப்படும்போது கயிற்றுச்சுருளை அப்பாவிடம் கொடுத்து, கொடி கனக்கும்போது பந்தலுக்கு ஆகும் என்றார். எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் அப்பாவிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

பந்தயம் காய்க்குத்தான், பூவுக்கு இல்லை. இதை நான் தெளிவாக எடுத்துச் சொன்னேன். அம்மா தோற்றுவிட்டாள், தோற்றது அவளுக்குத் தெரியவில்லை, பெரியவர்களும் அவளுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. பையைத் திறந்து துணிகளை மறுபடி கொடிக்கயிற்றில் போட்டேன்.

அன்று மாலை அம்மா என்னைச் சாலை வளைவுக்குக் கூப்பிடவில்லை. பானையில் கட்டுவதற்கு மஞ்சள் குலையைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தாள். மாமா அதைத் தன் தோட்டத்திலிருந்து வேரோடு பிடுங்கி வந்திருந்தார். வேருக்குள் கரிசல்மண் காய்ந்து கல்லாக இறுகியிருந்தது. அம்மா அவரைக் கூனையின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கட்டிகளை நகத்தால் ஒவ்வொன்றாகப் பெயர்த்து, விரலில் வைத்து நசுக்கித் தூளாக்கி, கொடியின் அடியில் விட்டுக்கொண்டிருந்தாள். சிவந்த மண்ணின் மேல் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தது. வேரிடுக்கில் ஒட்டியிருந்ததைக்கூட விடாமல் விளக்குமாற்றுக் குச்சியால் நெம்பி எடுத்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

கிணறு பக்கத்தில்தானே இருக்கிறது, ஒரு வாளித் தண்ணீரில் முக்கினால் ஒரு நிமிடத்தில் போய்விடுமே என்று சொன்னேன். அம்மா ம் என்றாள். நிமிரவில்லை. தண்ணீருக்குப் பஞ்சமே இல்லாத ஊரில் இவள் ஏன் இப்படிச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள் என்று எரிச்சலாக வந்தது. கரும்பைக் கடித்துத் துப்பிக்கொண்டு, எப்போது முடிப்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.